தலைமையாசிரியர் கடிதம்: வீட்டில் படிக்கும்படி எழுதுவது எப்படி?

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாதம் குடும்பங்களுக்கு நான் அனுப்பிய கடிதம் இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கத்துக்கு என் கல்விக் கொள்கை, பள்ளியின் எதிர்காலம், கூட்டு முயற்சி என்று மூச்சுவிடாமல் எழுதியிருந்தேன். கடைசிக்கு முந்தைய பத்தியில், நாலாவது வரியில், "திங்கட்கிழமை முதல் விளையாட்டுப் பயிற்சி தொடங்குவதால் மாணவர்கள் ஷூ அணிந்து வர வேண்டும்" என்று ஒரு வாக்கியம். திங்கட்கிழமை காலை மைதானத்தில் பாதிப் பேர் செருப்போடு நின்றார்கள். வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம், "கடிதத்துல போட்டிருந்தோமே" என்றேன். "எங்க சார் போட்டிருக்கீங்க?" என்று கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். எழுதிய எனக்கே அந்த வரியைத் தேடி எடுக்க நேரமாயிற்று.

தொடக்கப்பள்ளியில் புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்று, வாராவாரமோ மாதம் இருமுறையோ குடும்பங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கடிதத்துக்கு இரண்டே வேலைதான். வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது ஒன்று. அவர் கண்ணில் படாத பள்ளி நாளில் ஒரு ஜன்னலைத் திறந்து காட்டுவது இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடலாம்.

1. யார் படிக்கிறார் என்று முதலில் யோசியுங்கள்

இரவு எட்டரை மணி. ஒரு கையில் பிள்ளையின் பை, இன்னொரு கையில் போன். உங்கள் கடிதம் படிக்கப்படும் நிலை பெரும்பாலும் அதுதான். பேருந்தில் நின்றுகொண்டே படிக்கும் அப்பா இருப்பார். மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போக வரும் தாத்தா இருப்பார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். பள்ளியின் மொழியை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு குடும்பமும் இருக்கும். கடிதம் எழுதும்போது இவர்களில் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அதிகாரியை மனதில் வைத்து எழுதினால் அறிக்கைதான் வரும்.

"அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு" என்று தொடங்காதீர்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளை உண்டு, சித்தப்பா வீட்டில் இருக்கும் பிள்ளை உண்டு, அப்பா மட்டும் இருக்கும் வீடும் உண்டு. "வீட்டில் உள்ள அனைவருக்கும் வணக்கம்" என்றால் எல்லோரும் அடக்கம். அப்பா ஓரிடம் அம்மா ஓரிடம் என்று இருக்கும் குடும்பங்களில் இருவருக்கும் கடிதம் போகிறதா என்று வருடத் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். ஒருவருக்கு மட்டும் போனால், பிள்ளையின் நிகழ்ச்சிக்கு வராமல் போன இன்னொருவரின் கோபம் பள்ளி மேல்தான் விழும். விழுவதிலும் நியாயம் இருக்கிறது.

2. கிழமையை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

நிறையப் பேர் வெள்ளிக்கிழமை மாலை அனுப்புவார்கள். வாரம் முடிந்தது, கடிதமும் முடிந்தது என்ற நிம்மதி நமக்கு. படிப்பவருக்கோ ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை, அலுவலகம் பூட்டியாயிற்று. என் விருப்பம் வியாழக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்கலாம், எதையாவது வாங்க வேண்டுமென்றால் வார இறுதி கையில் இருக்கிறது.

எந்தக் கிழமையானாலும், எந்த நேரமானாலும் அதிலேயே நில்லுங்கள். வியாழன் மாலை ஆறு மணி என்று பழகிவிட்டால், குடும்பங்கள் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். செய்தி குறைவான வாரத்தில் ஐந்து வரிக் கடிதம் போதும். "இந்த வாரம் சொல்ல அதிகமில்லை" என்று எழுதிய கடிதத்துக்கு ஒரு அப்பா நன்றி சொல்லி அனுப்பினார்! வாரத்தின் நடுவே துண்டு துண்டாக நாலு செய்தி அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஐந்தாவது செய்தியை யாரும் திறக்க மாட்டார்கள், அவசரச் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

3. செய்ய வேண்டியது மேலே, மற்றதெல்லாம் கீழே

கடிதத்தின் முதல் பகுதிக்கு "நீங்கள் செய்ய வேண்டியவை" என்றே தலைப்பு வையுங்கள். அதில் மூன்று செய்திக்கு மேல் வேண்டாம். நான்காவது ஒன்று இருந்தால், அடுத்த வாரத்துக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் யாருக்கு, என்ன, எப்போது என்ற மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

பள்ளிகளில் இருந்து போகும் சுற்றறிக்கை நடை இப்படி இருக்கும்:

"எதிர்வரும் 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அன்று மூன்றாம் வகுப்பு மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லப்படவிருப்பதால், ஒப்புதல் படிவத்தினைப் பூர்த்தி செய்து 10ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சமர்ப்பிக்குமாறு பெற்றோர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டுக்கொள்வது யார் என்றே தெரியவில்லை. பிள்ளையை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதும் இல்லை. அதே செய்தி இப்படியும் போகலாம்:

"மூன்றாம் வகுப்பு: செவ்வாய் 14ஆம் தேதி அருங்காட்சியகம் போகிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளி 10ஆம் தேதிக்குள் கொடுத்தனுப்புங்கள். பேருந்து காலை 8.30க்குக் கிளம்பும், 8.15க்கே வந்துவிடுங்கள். மாலை 4 மணிக்குப் பள்ளி வாசலில் கூட்டிக்கொள்ளலாம்."

எண்ணிப் பார்த்தால் இதில்தான் தகவல் அதிகம். வகுப்பின் பெயரை முதலில் போட்டதற்கும் காரணம் உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அந்த இடத்திலேயே அடுத்த செய்திக்குப் போய்விடலாம். எல்லோரையும் எல்லாவற்றையும் படிக்க வைத்தால், கொஞ்ச நாளில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். "அடுத்த வியாழன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது இந்த வாரமா வரும் வாரமா என்று ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும்.

4. ஜன்னலைத் திறக்கும் பகுதி

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல." ஆறு மணி நேரம் ஓடி, படித்து, சண்டை போட்டு, சமாதானமாகி வந்த பிள்ளை சொல்லும் பதில் இது. ஒளிக்கிறது என்று அர்த்தமில்லை. அவ்வளவு பெரிய கேள்விக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. பிள்ளையிடம் எதைக் கேட்கலாம் என்று வீட்டாருக்கு ஒரு நுனியை எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் கடிதத்தின் இந்தப் பகுதி.

"இந்த வாரம் இரண்டாம் வகுப்பு மாணவர்கள் நீட்டல் அளவை பற்றி ஆர்வத்துடன் கற்றனர்" என்று எழுதினால் நுனி கிடைக்காது. நடந்ததை அப்படியே எழுதுங்கள்:

"இரண்டாம் வகுப்பினர் தாழ்வாரத்தின் நீளத்தைப் பாதத்தால் அளந்தார்கள். ஒருவருக்கு 62 அடி வந்தது, இன்னொருவருக்கு 71. 'நீதான் தப்பா எண்ணினே' என்று கொஞ்ச நேரம் சண்டை. இரண்டு பேரும் மறுபடி அளந்தார்கள். மறுபடியும் அதே எண்கள். அப்புறம்தான் ஒரு பிள்ளை குனிந்து இருவர் கால்களையும் ஒட்டி வைத்துப் பார்த்தாள். இன்று வீட்டில் கேளுங்கள்: கதவிலிருந்து சுவர் வரை உனக்கு எத்தனை அடி, எனக்கு எத்தனை?"

அந்த வாரம் எத்தனையோ வீடுகளில் கூடத்தை அளந்திருக்கிறார்கள். ஒரு அக்காவும் தம்பியும் அளந்த எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி என் மேசைக்கே கொண்டு வந்தார்கள். ஒரே அளவுகோல் ஏன் தேவை என்ற பாடம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்தான். கடிதத்தின் கடைசிக் கேள்வி அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இப்படிப்பட்ட செய்தி அறையில் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது. புதன்கிழமை தோறும் ஏதாவது ஒரு வகுப்பின் பின்பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள், சின்ன நோட்டு ஒன்றோடு. ஆசிரியர்களிடமும் கேளுங்கள், ஆனால் "உங்கள் வகுப்பு பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை தலைக்கு மேல் இருக்கிறது. "இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைத்தது என்ன? பிள்ளைகள் எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள்?" என்று வராந்தாவில் நின்றபடி கேட்டால் இரண்டு நிமிடத்தில் கதை வந்துவிடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்புகளின் பட்டியல் போட்டு, எந்த வாரம் எந்த வகுப்பு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கலகலப்பாகப் பேசும் ஆசிரியரின் வகுப்பே மாதம் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

பரிசு பெற்றவர்களின் நீண்ட பட்டியல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து பெயர் அச்சாகும்போது, மற்ற எல்லா வீடுகளிலும் தங்கள் பிள்ளையின் பெயர் இல்லாத ஒரு பட்டியல்தான் படிக்கப்படுகிறது. பரிசை மேடையில் கொடுங்கள், கை தட்டுங்கள். கடிதத்தில் அந்த இடத்தைத் தாழ்வாரச் சண்டைக்குக் கொடுங்கள்.

5. உடல்நலம், வருகை: கை கூசும் செய்திகள்

பேன் பற்றிக் கடிதம் எழுதாத தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் இருக்க முடியாது. முதல் முறை எழுதும்போது கை கூசும். கூச்சத்தில் "தனிநபர் சுகாதாரத்தைப் பேணுமாறு" என்று எழுதிவிடுவோம். அது தவறான தகவலும்கூட. சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று பேன் பார்ப்பதில்லை. அது பறக்காது, குதிக்காது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது ஊர்ந்து போகும். பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு படம் வரைகிறார்கள், அதனால் தொடக்கப்பள்ளியில் பரவுகிறது. அவ்வளவுதான். இதை இப்படியே எழுதினால் பாதி வீடுகளின் வெட்கம் போய்விடும்.

அப்புறம் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, பல் நெருக்கமான பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்தினால் அடுத்த வாரம் திரும்ப வரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். பேன் இருப்பதற்காகப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்தத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. உங்கள் பகுதி சுகாதாரத் துறை வேறு விதி வைத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எந்த வகுப்பு என்று சொல்லலாம். எந்தப் பிள்ளை என்று ஊகிக்க வைக்கும் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது.

சின்னம்மை வந்தால் கணக்கு வேறு. கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பிருந்தே அது தொற்றும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். ஆகவே, நோயுற்ற பிள்ளை கடைசியாக வகுப்பில் இருந்த தேதியையும் அதிலிருந்து 21ஆம் நாள் எது என்பதையும் நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள், "அது வரை கவனித்துக்கொள்ளுங்கள்" என்று. இதுவரை சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் தாமதிக்காமல் மருத்துவரிடம் பேச வேண்டும் என்ற வரி கட்டாயம் வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம் வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

வருகை பற்றி எழுதும்போது மிரட்டல் எடுபடாது, கணக்கு எடுபடும். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டே நாள் விடுப்பு என்றால் பத்து மாதத்தில் 20 நாள், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐந்து வருடத் தொடக்கப்பள்ளியில் 100 நாள்: அரை வருடப் படிப்பு. தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் பிள்ளை வருடத்துக்கு 33 மணி நேரத்தை இழக்கிறது. இதை ஒரு முறை எழுதினால் போதும். உடம்பு சரியில்லாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது சரியான முடிவு என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் காய்ச்சலோடு அனுப்பிவிடுவார்கள்.

6. படமும் பெயரும்

பிள்ளையின் படத்தைப் போட, எந்த இடத்துக்கு என்று குறிப்பிட்ட எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். கடிதத்துக்குச் சம்மதித்த குடும்பம் சமூக ஊடகத்துக்குச் சம்மதித்ததாக ஆகாது. முகமும் முழுப்பெயரும் வகுப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து வரக் கூடாது என்பது என் வழக்கம். கைகள் களிமண் பிசையும் படம், பின்னாலிருந்து எடுத்த படம், சுவரில் ஒட்டிய ஓவியங்களின் படம் எல்லாம் நன்றாகவே கதை சொல்லும். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, தனியுரிமை பிள்ளைக்கும் உண்டு என்கிறது. வீட்டார் கையெழுத்துப் போட்டிருந்தாலும், "இந்தப் படத்தைப் போடட்டுமா?" என்று பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை "வேண்டாம் சார், இதுல பல்லு இல்லாம இருக்கேன்" என்று சொன்னதுண்டு. போடவில்லை.

7. எதில் அனுப்புவது

ஒரே வழியை நம்பாதீர்கள். போனில் ஒன்று, காகிதத்தில் கேட்கும் வீடுகளுக்கு அச்சுப்பிரதி, பள்ளி வாசல் பலகையில் ஒன்று.

குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் இருக்கும். தமிழில் எழுதினால் அது 70 ஆகிவிடும். அதிலும், நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதை இயந்திரம் இரண்டாக எண்ணும். "நாளை பள்ளி விடுமுறை" என்பது நம் கண்ணுக்கு இடைவெளிகளோடு சேர்த்து 11. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் இயந்திரத்துக்கு அது 19. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாக உடைந்து, துண்டுக்கு 67 என்று கணக்காகும். கட்டணமும் துண்டுக் கணக்கில் ஏறும். ஆகவே குறுஞ்செய்தியில் மரியாதைச் சொற்களைக் குறைத்து, விஷயத்தை மட்டும் எழுதுங்கள். "மாண்புமிகு பெற்றோர்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு" என்ற தொடக்கமே முதல் துண்டில் முக்கால்வாசியைச் சாப்பிட்டுவிடும்.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றாவிட்டால், இரண்டாம் நாளே காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் கடிதத்தைத் தேட வேண்டியிருக்கும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் (broadcast list) எண்கள் வெளியே தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் பள்ளி எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பிள்ளையைச் சேர்க்க வரும் நாளிலேயே அலுவலகத்தில் நின்றபடி எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

அச்சுக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அப்படியே அனுப்புவது வசதியான பழக்கம், கெட்ட பழக்கமும்கூட. எழுத்து மங்கிவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் படிக்காது. வேற்று மொழிக் குடும்பம் அந்த வரிகளை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டவும் வழியில்லை. செய்தியை எழுத்தாகவே அனுப்புங்கள். அலுவலகக் கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அதை வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யும் பழக்கத்தை அலுவலகத்துக்கு முதல் வாரமே கொண்டுவந்துவிடுங்கள்.

படிக்கச் சிரமப்படும் வீடுகளுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள், "செய்ய வேண்டியவை" பகுதியை மட்டும் வாசித்து. பிறகு பார்த்தால் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களும் குரல்பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

8. கெட்ட செய்தி வரும் நாள்

வாராவாரம் தாழ்வாரக் கதை எழுதியதன் பலன் இந்த நாளில்தான் தெரியும். மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுவதற்குள் ஆளுக்கொரு கதை கிளம்பிவிடும். உங்கள் கடிதம் அன்று மாலைக்குள் போக வேண்டும், ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் அந்தப் பிள்ளையின் குடும்பம், நேரில் அல்லது தொலைபேசியில். மற்ற குடும்பங்களுக்கு என்ன எழுதப் போகிறோம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்து ஆசிரியர்களும் ஊழியர்களும், ஏனென்றால் வாசலில் கேள்வி அவர்களிடம்தான் வரும். மூன்றாவதாக எல்லாக் குடும்பங்களும்.

"யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். அதைப் படித்ததுமே கவலை தொடங்கிவிடும். நடந்ததை முதல் வரியில் சொல்லுங்கள்:

"இன்று காலை 11 மணி இடைவேளையில் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்திலிருந்து ஒரு பிள்ளை விழுந்து கையில் அடிபட்டது. உடனே முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆசிரியர் ஒருவர் உடன் சென்றார். குடும்பத்தினர் பிள்ளையுடன் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தைச் சோதிக்கும் வரை யாரும் ஏறாதபடி தடுப்புப் போட்டிருக்கிறோம். சோதனையில் தெரிவதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். இதைப் பார்த்த பிள்ளைகள் இரவில் அதைப் பற்றிப் பேசலாம்; பேசவிடுங்கள். நாளை காலை 8 மணி முதல் நான் வாசலில் இருப்பேன்."

ஏன் விழுந்தது, யார் தள்ளினார்கள், எலும்பு முறிந்ததா என்ற ஊகம் எதுவும் இதில் இல்லை. வெள்ளிக்கிழமை எழுதுகிறேன் என்று சொன்னால், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை எழுதியே ஆக வேண்டும்.

பள்ளியின் தவறு என்றால் "தவறு நேர்ந்துவிட்டது" என்று காற்றில் விடாமல், "நாங்கள் தவறு செய்துவிட்டோம்" என்று எழுதுங்கள். அந்த ஷூ விஷயத்துக்கு அடுத்த வாரக் கடிதத்தில் அப்படித்தான் எழுதினேன். பெரிய தவறுகளுக்கு எழுதுவதற்கு அது நல்ல பயிற்சியாக அமைந்தது.

9. பதில் வரும் வழி

குடும்ப ஈடுபாட்டை 1995இல் ஆறு வகையாகப் பிரித்துக் காட்டிய ஜாய்ஸ் எப்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தகவல் தொடர்பை அதில் ஒரு வகையாக வைத்து, அது பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கும் இரு பக்கமும் போக வேண்டும் என்றார். நம் கடிதங்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கடைசியில் "உங்கள் மேலான கருத்துகளை வரவேற்கிறோம்" என்று எழுதினால் ஒரு கருத்தும் வராது. பதில் சொல்லச் சுலபமான ஒரே கேள்வி கேளுங்கள்: "பெற்றோர் சந்திப்பு காலை 8 மணிக்கா, மாலை 6 மணிக்கா, எது வசதி?" வந்த பதிலையும், அதை வைத்து என்ன முடிவெடுத்தீர்கள் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் கேட்காமலேயே எழுதத் தொடங்குவார்கள்.

கோபத்தோடு வரும் பதிலுக்கு எழுத்தில் பதில் எழுதாதீர்கள். தொலைபேசியை எடுங்கள்.

10. அனுப்பும் முன், அனுப்பிய பின்

ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு, பாடம் எடுக்காத ஒருவரிடம் கொடுங்கள். என் பள்ளியில் வாசலில் இருந்த காவலாளிதான் என் முதல் வாசகர். "இதுல சனிக்கிழமை ஸ்கூல் உண்டா இல்லையான்னு தெரியலையே சார்" என்று அவர் சொன்னால், வாசலில் அதையே நாற்பது பேர் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அனுப்பிய கடிதங்களை வார எண் போட்டுக் கோப்பில் வையுங்கள். பள்ளி வருடம் சுற்றிச் சுற்றி வருவது: பேன் கடிதம், பெற்றோர் சந்திப்பு, புதிதாகச் சேருபவர்களுக்கான அழைப்பு, அடுத்த பள்ளிக்குப் போகிறவர்களின் விடைபெறல் எல்லாம் அதே வாரங்களில் திரும்ப வரும். பழைய கடிதத்தை எடுத்துத் திருத்தினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தேதிகளைக் காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு வருடம் நான் பார்க்கவில்லை. முந்தைய வருடக் கடிதத்தில் பெற்றோர் சந்திப்பு புதன் 17 என்றிருந்தது. அந்த வருடம் 17 வியாழக்கிழமை. "புதன் 17" என்றே போய்விட்டது. கிழமையைப் பார்த்தவர்கள் புதன்கிழமை மாலையே வந்து பூட்டிய மண்டபத்தின் முன் நின்றார்கள். காவலாளி அந்த வாரம் விடுப்பில் இருந்தார், கடிதத்தைப் படிக்க ஆளில்லை. சாவியைத் தேடி எடுத்து மண்டபத்தைத் திறந்து, வந்தவர்களோடு உட்கார்ந்து பேசி அனுப்பினோம். மறுநாள், தேதியைப் பார்த்தவர்களுக்காக, அதே சந்திப்பை இன்னொரு முறை நடத்தினோம்.